இண்டிபேரு

ரேணிகுண்டா வேகன் பட்டறைக்குப் பின்னால்
எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பலகை எழுதியவர்
புத்தூர் தாவூத்.
இங்கிலீஷும் தெலுங்கும் முடித்தபின்
தூரிகையில் மிச்சமிருந்த வெள்ளையில்
தமிழிலும் எழுதிவைத்தார்: மாலோன்.
கூலி இரண்டுக்குத்தான் வாங்கினார்.

அந்த மிச்ச வெள்ளைதான்
ஆட்களைக் கூட்டிவந்தது.
சோளிங்கர், ஆரணி, திருவள்ளூர் மொட்டைகள்,
சந்தனம் காயாத தலையோடு,
திரும்பும் ரயிலுக்கு நேரமிருக்கும் மத்தியானங்களில்
"சத்திரமுங்களா? கொஞ்சம் படுக்கலாமா?"
அப்பா, டெரன்ஸ் மாலோன், ஃபிட்டர் கிரேடு ஒன்று,
பனியனோடு வந்து நிற்பார்.
"பெருமாள் இல்லீங்க. எங்க குடும்பப் பேரு அது."
சொல்லிவிட்டுத் தண்ணீர் கொடுப்பார்.
ஒருத்தர் நம்பாமல்
ஜன்னல் கட்டையில் ஐந்து ரூபாய் வைத்துவிட்டுப் போனார்.
நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய நோட்டு.
அம்மா அதை மாற்ற விடவில்லை.
மாதா படத்துக்குப் பின்னால் செருகினாள்.

பெர்த்திலிருந்து நோரீன் அத்தை
காசு கட்டி வரவழைத்த வம்சாவளி
பன்னிரண்டு பக்கம்.
ஷானன் ஆற்றங்கரையில்
ஒரு மடத்து நிலத்தில் முளைத்த பேராம்.
அந்த ஊர்ப் பழைய பாஷையில்
அதன் முன்பாதிக்கு மொட்டை என்று அர்த்தம்.
மழித்த தலை, ஆகவே அடியான்.
யோவானுக்கு மொட்டை போட்டவனின்
பேரப்பிள்ளைகள் நாங்கள்.
அப்பா இரண்டு தடவை படித்தார்.
எழுந்து போய் மலையைப் பார்த்தார்.
பிறகு அடுத்த வீட்டு நாய் குரைக்கும்படி சிரித்தார்.
"அப்ப அவங்க விலாசம் தெரிஞ்சுதான்டா வந்திருக்காங்க!"

மிச்சப் பக்கங்களில் பேர் தேய்கிறது.
முன்னால் நின்ற 'ஓ'வை
வரிக்கணக்கு எழுதிய எவனோ வெட்டிவிட்டான்.
உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிய வருஷங்களில்
மைக்கேல் என்றொருவன்
கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டு
கம்பெனிப் பீரங்கிப் படையோடு மதராஸில் இறங்கினான்.
படை விட்டு, ஜல்லி அளக்கும் மேஸ்திரியானான்.
கடப்பாப் பாதையில் தண்டவாளம் போன வேகத்தில்தான்
அவனும் போயிருக்கிறான்,
நாளைக்கு அரை மைல்.
நந்தலூர்ப் பாலத்தடியில் காய்ச்சல். சவக்குழிக்கு எண் உண்டு.

ஒன்பதாம் பக்கத்தில் அவன் பெண்சாதி.
"மேரி. சுதேசி. கோடூர்."
அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் புதிதாக யாரைப் பார்த்தாலும்
பேருக்கு முன்னால் கேட்பது இண்டிபேரு.
வீட்டுக்குப் பேர், பிறகுதான் ஆளுக்கு.
ஜல்லிக்கூடை சுமந்தவளுக்கும் இருந்திருக்கும்,
ஒரு புளியமரமோ, உடைந்த உலக்கையோ,
விட்டுவந்த ஊரோ
எதிலிருந்தோ ஒட்டிக்கொண்ட ஒன்று.
கோயில் தொட்டியில் நனைத்த கையோடு
பாதிரியார் கேட்டிருக்கலாம்.
அவள் சொல்லியும் இருக்கலாம்.
ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு தலையில்
மயிர் இருந்ததா இல்லையா என்பதுவரை
தெரிந்துவிட்டது எங்களுக்கு.

போன ஜூனில் நகரியில்
மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன்.
"இண்டிபேரு?"
மாலோன் என்றேன்.
கிளார்க் அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"அது சாமி பேரு. இண்டிபேரு சொல்லு."
வெயில். பின்னால் வரிசை.
"எந்தப் பக்கத்து ஆளுங்க நீங்க?"
என் வாய் ஏனோ
கோடூர் என்றது.
அவர் எழுதிக்கொண்டார், முத்திரையும் குத்தினார்:
கோடூரு கிறிஸ்டபெல் மாலோன்.

திருத்தியிருக்கலாம்.
முத்திரையின் ஊதா மை இன்னும் ஈரமாக இருந்தது.

படி இறங்கும்போது அவள் கேட்டாள்,
கோடூரு யாருப்பா?
வாசலில் ஐஸ் வண்டி நின்றது.
சேமியா ஐஸ் இரண்டு வாங்கினேன்.
உருகுவதற்குள் சாப்பிடு என்றேன்.